மலையகத்தில் நெட்வர்க் கருவிகளுக்கு எந்தப் பெட்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவுட்டர், சுவிட்ச், ஒரு ஃபைபரைப் பலதாகப் பிரிக்கும் ஃபைபர் ஸ்ப்ளிட்டர், கெமரா ரெக்கார்டர், இவற்றுக்கான பற்றரி எல்லாவற்றையும் எதற்குள் வைப்பது என்று தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும், தொழிற்சாலை அலுவலகங்களில் வேலை செய்பவர்களும், ஊருக்குள் சிறிய அளவில் இணைய இணைப்பு கொடுப்பவர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். 2020இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு பல இடங்களுக்கு இணைப்பு வந்துவிட்டது. வந்த இணைப்பு ஒரு மழைக்காலத்தோடு செத்துப்போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

கொழும்பில் விற்கும் பெட்டியை வாங்கி வந்து மாட்டினால் போதாதா? மலையகத்துக்கென்று தனியாக என்ன?

கொழும்பில் பெட்டியைக் கெடுப்பது வெயிலும் கடல் உப்பும். இங்கே கடல் உப்பு இல்லை. இங்கே கெடுப்பது ஈரம். அதுவும் மேலே இருந்து விழும் மழையை விட, பெட்டிக்குள் சத்தமில்லாமல் சேரும் ஈரம். அதனால் கொழும்புக் கடைக்காரர் நல்லது என்று சொல்வது அங்கே உண்மையாக இருந்தாலும் இங்கே பாதிதான் உண்மை.

இன்னொன்று, மலையகம் என்பதே ஒரே காலநிலை கிடையாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நின்று பெய்யும். அதே மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான், ஜனவரி பெப்ரவரியில் சில அதிகாலைகளில் புல்லில் உறைபனியே விழும். பதுளை நகரமோ 700 மீற்றருக்கும் கீழே, பகலில் நன்றாகவே சுடும். ஹட்டனில் நன்றாக ஓடிய பெட்டி பசறையில் சூடேறி நிற்கலாம். ஆகவே முதலில் இடத்தைப் பாருங்கள், பெட்டி விலையை அப்புறம் பார்க்கலாம்.

பெட்டியில் ஐபி 55, ஐபி 65 என்று எழுதியிருக்கிறதே, எது வேண்டும்?

ஐஈசி 60529 என்ற சர்வதேசத் தரத்தின்படி கொடுக்கும் எண் அது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இலக்கம் 5 என்றால் கொஞ்சம் தூசி போனாலும் கருவி இயங்குவதைக் கெடுக்காது, 6 என்றால் தூசி அறவே போகாது. இரண்டாவது இலக்கம் 4 என்றால் எப்பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லீற்றர் வீதம் குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். 6 என்றால் நிமிடத்துக்கு 100 லீற்றர். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணிநேரம் மூழ்கியிருந்தாலும் உள்ளே புகாது.

என் அளவுகோல் இதுதான். வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் என்றால் சாதாரண ஐபி 20 ரெக் (கருவிகளை அடுக்கிப் பூட்டும் சட்டம்) போதும், சுவரும் சன்னலும் காய்ந்திருந்தால். கூரைக்குக் கீழே திறந்த விறாந்தை, பிரட்டுக்களம், கொழுந்து மடுவம் போன்ற இடங்களுக்கு ஐபி 55. மழை நேராக விழும் கம்பம், சுவர், டவர் அடி என்றால் ஐபி 65 அல்லது 66. காற்று அடிக்கும் மலைமுகடு என்றால் 66தான், இதில் பேரம் பேச வேண்டாம்.

காற்று முகட்டைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஹப்புத்தளை போன்ற இடங்களில் பள்ளத்திலிருந்து காற்று சரிவோடு மேலே ஏறி வரும். அந்தக் காற்று தூறலையும் மூடுபனியையும் கீழிருந்து மேலாகத் தள்ளும். கீழ்நோக்கிச் சாய்ந்த காற்றுப் பலகைகள் வைத்த பெட்டி மழைக்குப் பாதுகாப்பு என்று விற்பார்கள். மழை மேலிருந்து விழும் ஊரில் அது சரி. இங்கே அந்தச் சாய்வே தண்ணீரை உள்ளே அழைத்துக்கொண்டு போகும் வழியாகிவிடும்.

அப்படியானால் ஐபி 67 எல்லாவற்றையும் விட நல்லதுதானே?

மண்ணுக்குள், மேன்ஹோலுக்குள் வைக்கும் ஃபைபர் ஜொயின்ட்டுக்கு நல்லது. சுவரில் தொங்கும் பெட்டிக்கு அவசியமில்லை. அப்புறம், மூழ்கும் சோதனையில் தேறிய பெட்டி பீய்ச்சும் தண்ணீருக்கும் தேறியது என்று அர்த்தமில்லை. இரண்டும் வேண்டுமானால் 66, 67 இரண்டு எண்களும் போட்டிருக்க வேண்டும்.

பெட்டி மழையில் நனையவே இல்லை, கதவைச் சுற்றியுள்ள ரப்பரும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் திறந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. எப்படி?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது.

20 பாகைச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான் தாங்கும். மீதி தண்ணீராக விழ வேண்டும். எங்கே விழும்? பெட்டியில் அதிகம் குளிர்ந்திருக்கும் இடத்தில், அதாவது கதவின் உட்புறத்திலும் மேல் தகட்டிலும். சோற்றுப் பானை மூடியின் உட்பக்கம் முத்துமுத்தாக நிற்குமே, அதே வேலைதான். அந்தத் துளிகள் சேர்ந்து சுவிட்ச் மேல் சொட்டும்.

மூடுபனி நாளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கும் மேல் போகும். 20 பாகையில் 90 சதவீத ஈரம் என்றால் வெறும் இரண்டு பாகை குளிர்ந்தாலே பனி படியத் தொடங்கிவிடும். தலவாக்கலையில் மதியம் மூன்று மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் இடையில் இரண்டு பாகையா குறைகிறது? அதைவிட எவ்வளவோ கூட.

இறுக்கமாக மூடிய பெட்டிக்குள் புதிய ஈரம் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். பகலில் வெயில் பட்டு உள்ளே உள்ள காற்று விரியும், ரப்பர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே போகும். சாயங்காலம் மழை விழுந்து பெட்டி சடாரென்று குளிரும், உள்ளே அழுத்தம் குறையும், வெளியிலிருந்து ஈரக் காற்றை இழுக்கும். ரப்பரில் தண்ணீர் நின்றால் அந்தத் தண்ணீரையே இழுக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். வெளியேற வழி இல்லாததால் இறுக்கமான பெட்டிக்குள்தான் தண்ணீர் அதிகம் நிற்கும்.

தீர்வு மூன்று சேர்ந்து வர வேண்டும். ஒன்று, பெட்டியின் பக்கத்தில் கீழ்ப்பாதியில் ஒரு பிரீதர். காற்றும் நீராவியும் போய் வரும், தண்ணீர்த்துளி போகாத சவ்வு உள்ள சிறிய திருகு அது. அழுத்தம் சமமாகிவிடுவதால் ரப்பர் வழியாக இழுக்காது. இரண்டு, அடியில் ஆகத் தாழ்ந்த மூலையில் வடிகால் திருகு. மூன்று, உள்ளே எப்போதும் கொஞ்சம் சூடு. கருவிகள் இரவு பகலாக ஓடினால் அந்தச் சூடே பெரும்பாலும் போதும். இரவில் அணைத்து வைக்கும் பாடசாலை, அலுவலகப் பெட்டிகளில்தான் சிக்கல். அங்கே 15 முதல் 30 வொட் சிறிய ஹீட்டர் ஒன்றும், ஈரம் கூடினால் மட்டும் அதை இயக்கும் ஹைக்ரோஸ்டாட் ஒன்றும் வையுங்கள். அதற்குச் செலவழிக்க முடியாது என்றால், கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க சுவிட்சை இரவில் அணைக்காதீர்கள். சிறிய சுவிட்ச் ஒன்று 10 வொட் அளவுதான் எடுக்கும், அந்தப் 10 வொட் உங்கள் கருவியைக் காயவைத்துக்கொண்டிருக்கிறது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால்?

கருவியை எடுத்துப் போகும்போதும், சில நாட்கள் அணைத்து வைக்கும்போதும் உதவும். நிரந்தரப் பெட்டியில் சில வாரங்களில் நிரம்பிவிடும், அதற்குப் பிறகு அது வெறும் பொட்டலம்.

வயரை எந்தப் பக்கத்தால் உள்ளே விடுவது?

கீழ்ப்பக்கத்தால் மட்டும். மேலே ஒரு துளை போட்ட கணமே, பெட்டிக்குக் கொடுத்த விலையில் பாதியைத் தூக்கி எறிந்தமாதிரி. கெட்டுப்போன பெட்டிகளில் நான் பார்த்தவரை பெட்டி குற்றமற்றது, குற்றம் நாம் போட்ட துளையில். ஐபி 66 பெட்டியில் ட்ரில் போட்டு, வயரை விட்டு, மீதி இடத்தில் சிலிக்கோனை அப்பிவிட்டால் அது இனி ஐபி 66 இல்லை.

ஒவ்வொரு வயருக்கும் அதன் தடிப்புக்குச் சரியான கிளாண்ட், அதாவது வயரைச் சுற்றி இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் திருகு, போடுங்கள். ஒரே கிளாண்டில் மூன்று வயரைத் திணித்தால் நடுவில் இடைவெளி நிற்கும், எறும்பு அதற்குள் போகும், ஈரமும் போகும். பல துளை ரப்பர் உள்ள கிளாண்ட் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். பாவிக்காத துளைகளுக்கு அடைப்பு மூடி போடுங்கள், டேப் ஒட்டாதீர்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவாக இறங்கி மேலே ஏற வேண்டும். அந்த வளைவின் அடியில்தான் தண்ணீர் சொட்டும், கிளாண்டுக்கு வராது.

சிலிக்கோன் கட்டாயம் பூச வேண்டிய இடம் இருந்தால், வினாகிரி வாசம் வரும் வகையை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் செம்பைத் தின்னும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம்தான் கூட.

இரும்புப் பெட்டியில் துளை போட்டால் வெட்டுவாயில் உடனே துத்தநாகப் பூச்சு அடியுங்கள். அங்கிருந்துதான் துரு தொடங்கும். பிறகு பவுடர் கோட்டிங்கின் அடியில் ஊர்ந்து போகும், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

ஃபைபருக்கு ஒரு வார்த்தை. சாதாரண ஃபைபரை 30 மில்லிமீற்றர் ஆரைக்குக் குறைவாக மடக்கக் கூடாது. சின்னப் பெட்டி மலிவு என்று வாங்கி, மிச்ச வயரைச் சுருட்டித் திணித்து, கதவை அழுத்தி மூடினால் சிக்னல் குறையும். அப்போது எல்லோரும் ஃபைபர் கம்பெனியைத் திட்டுவார்கள்.

இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

கட்டடத்துக்குள் இரும்பு. வெளியே என்றால் துத்தநாகம் பூசி அதன்மேல் பவுடர் கோட்டிங் செய்த இரும்பு தாங்கும், கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்க வசதி இருந்தால் 304 வகை போதும். 316 கடற்கரைக்கு, இங்கே அதற்குக் கொடுக்கும் பணம் வீண். அலுமினியம் துருப்பிடிக்காது, கம்பத்தில் ஏற்ற இலேசு, ஆனால் செம்பு எர்த் வயரை நேராக அதில் பூட்டினால் ஈரத்தில் அந்த இடம் அரித்துப்போகும். வயர் முனைக்கு வெள்ளீயம் பூசிய லக் (உலோக முனைத்துண்டு) போட்டுப் பூட்டுங்கள்.

பிளாஸ்டிக்கில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். மலிவான ஏபிஎஸ் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும். ஆயிரம் மீற்றர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். குளிராக இருக்கிறதே என்று நாம் நினைக்கும் நுவரெலியா வெயில் பிளாஸ்டிக்குக் கொழும்பு வெயிலை விடக் கொடியது. புற ஊதாத் தாங்கும் பொலிகார்பனேட் அல்லது ஃபைபர்கிளாஸ் எடுங்கள். மலையகத்தில் வெளியே வைக்கும் சிறிய பெட்டிக்கு என் முதல் தெரிவு இவைதான். துரு இல்லை. தகட்டை விடச் சூட்டைக் குறைவாகக் கடத்துவதால் உட்சுவரில் பனி படிவதும் குறைவு. வைஃபை சிக்னலும் ஊடுருவும். ரவுட்டரை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு லயத்துக்குச் சிக்னல் வரவில்லை என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரும்பு வேண்டுமென்றால் அன்டெனாவை வெளியே எடுங்கள்.

நுவரெலியாவில்தான் குளிராச்சே, விசிறி எதற்கு?

சிறிய பெட்டிக்குத் தேவையில்லை என்பதே உண்மை, ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கருவி இழுக்கும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறும். 60 சென்டிமீற்றர் உயரம், 60 அகலம், 25 ஆழம் உள்ள சுவர்ப் பெட்டியை முழுக்க மூடி வைத்து உள்ளே 50 வொட் ஓடினால் வெளியை விட சுமார் 10 பாகை சூடு ஏறும். வெளியே 20 என்றால் உள்ளே 30. ஒன்றும் ஆகாது. அதே பெட்டி பதுளையில் வெயில் விழும் சுவரில் என்றால் வெளியே 32, உள்ளே 42, அதற்கு மேல் வெயில் ஒரு பங்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றரில் 1000 வொட் வரை விழும். கறுப்புப் பெட்டி வாங்காதீர்கள். வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை வாங்கி, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு தகரக் கூரை போடுங்கள். விசிறி செய்யும் வேலையில் பாதியை அந்தக் கூரை செய்துவிடும், மழையையும் தடுக்கும்.

150, 200 வொட்டைத் தாண்டினால் காற்றோட்டம் வேண்டும். அப்போது மலையின் உயரம் கணக்கில் வரும். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம் அளவுதான். மெல்லிய காற்று குறைவாகவே சூட்டைச் சுமக்கும். 300 வொட் சூட்டை 10 பாகை வித்தியாசத்தில் வெளியேற்ற கொழும்பில் மணிக்கு 93 கன மீற்றர் காற்று போதுமென்றால் நுவரெலியாவில் ஏறத்தாழ 115 வேண்டும். விசிறியை அதற்கேற்பப் பெரிதாக எடுங்கள், 30 பாகைக்கு மேல்தான் ஓடும்படி ஒரு தேர்மோஸ்டாட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் குளிர் இரவில் மூடுபனியை உள்ளே இழுத்து விடுவதே அதன் வேலையாகிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் எங்கே வைக்கலாம்?

ஒரே கட்டடத்துக்குள் மூன்று காலநிலை. கொழுந்து வாட்டும் மாடியில் ஈரம், அடுப்புப் பக்கம் சூடு, சலிக்கும் பக்கம் தூசி. இதில் சலிக்கும் இடம்தான் நெட்வர்க் கருவிக்கு ஆகக் கொடியது. தேயிலையிலிருந்து பறக்கும் அந்த மெல்லிய பஞ்சு விசிறி வலையில் படிந்து ஒரு கம்பளி போலாகி, காற்று நின்றுவிடும். அது ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். அங்கே விசிறி இல்லாத கருவி, விசிறி இல்லாத மூடிய ஐபி 65 பெட்டி. வேறு எதையும் வைக்காதீர்கள்.

முடிந்தால் ரெக்கை அலுவலக அறையில் வைத்து, உள்ளே ஃபைபரை மட்டும் இழுங்கள். மோட்டார்களுக்குப் பக்கத்தால் போகும் செம்பு வயரில் வரும் இரைச்சலும் அதோடு போய்விடும். உரம் வைக்கும் ஸ்டோரில் ஒருபோதும் வைக்க வேண்டாம். இடம் சும்மாதானே இருக்கிறது என்று காட்டுவார்கள், ஆனால் ஈரத்தோடு சேர்ந்த உரத்தூள் பித்தளையையும் செம்பையும் அரித்துவிடும்.

பற்றரியையும் அதே பெட்டிக்குள் வைக்கலாமா?

ஈயப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றுப் புகாத பெட்டிக்குள் அதைப் பூட்டுவது ஆபத்து. மூடிய வகைப் பற்றரி என்று எழுதியிருந்தாலும் வாயு வெளியேற வால்வு இருக்கிறது. தனி அறை பிரித்த பெட்டி, மேலும் கீழும் காற்றுத் துளை, துளைக்கு வலை.

மலையகத்தின் குளிர் இதற்கு ஒரு வரம். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும். நிழலில் வைத்த நுவரெலியாப் பற்றரி நீண்டநாள் உழைக்கும். குளிரில் கொள்ளளவு கொஞ்சம் குறையும் என்பதால் தேவைக்கு ஒரு படி பெரிதாக எடுங்கள். லித்தியம் பொஸ்பேட் பற்றரியை பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உறைபனி விழும் திறந்த வெளியில் சோலாரோடு வைப்பவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். நல்ல பிஎம்எஸ் (பற்றரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) உள்ளது தானாக நிறுத்திவிடும்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் இடியில் சுவிட்ச் போகிறது. நல்ல பெட்டி வாங்கினால் நிற்குமா?

நிற்காது. பெட்டி இதில் ஒரு சிறு பங்குதான். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இங்கே வழக்கம். அது பெரும்பாலும் பெட்டியை அடித்து வருவதில்லை, வயர் வழியாக வருகிறது. ஆபீசுக்கும் பங்களாவுக்கும் இடையில் செம்பு நெட்வர்க் வயர் தொங்கினால் அதுதான் வழி. இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஃபைபர் போடுங்கள், உலோகக் கம்பி இல்லாத வகையாக. இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும் விடப் பலன் தரும்.

அதற்குப் பிறகு எர்த். பாறை நிலத்தில் ஒரு தண்டை அடித்துவிட்டு முடிந்தது என்று போகாதீர்கள். 10 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வராவிட்டால் இரண்டு மூன்று தண்டுகளை, ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்டின் நீளமாவது விட்டு அடித்து இணைக்கலாம். பாறை விடாது என்றால் செம்புப் பட்டையைக் கிடையாக மண்ணில் புதைக்கலாம். பெட்டியின் உடம்பு, கதவு, உள்ளே உள்ள ரெக், இடியால் வயரில் வரும் மின்பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் எல்லாம் ஒரே எர்த் கட்டையில் சேர வேண்டும். கதவை கீல் மட்டும் இணைத்தால் போதாது, பின்னல் வயர் போடுங்கள். சர்ஜ் அரெஸ்டரின் வயர் அரை மீற்றருக்குள் நேராக இருக்கட்டும். நீளமாகச் சுற்றினால் அது இருந்தும் இல்லாத மாதிரி.

வீதியோரத்தில் நிற்கும் பெரிய கேபினட்டை எந்த இடத்தில் நிறுத்துவது?

முதலில் மேலே பாருங்கள், பிறகு கீழே பாருங்கள். வெட்டிய மண் சுவரின் அடியில் நிறுத்தாதீர்கள். புதிதாக நிரப்பிய மண்ணின் விளிம்பிலும் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலிலும் மலை சரிந்ததைப் பார்த்தோம். அப்படி ஒரு நாளில்தான் மக்களுக்குத் தொடர்பு ஆக அவசியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தை இடம் தெரிவு செய்யும் முன் பார்த்துவிடுங்கள். அந்த வட்டாரத்தில் வயதானவர்களிடமும் கேளுங்கள், எந்தக் கானில் மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

கானின் ஓரத்தில் வைப்பதாயிருந்தால் கொங்கிரீட் பீடம் நிலத்திலிருந்து 30 சென்டிமீற்றராவது உயரட்டும். கீழே வயர் வரும் குழாயின் வாயை அடைக்க மறக்க வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் குழாய்தான் கேபினட்டுக்குள் ஈரக்காற்றும் எலியும் ஏறி வரும் படிக்கட்டு. கதவு காற்றுக்கு எதிர்ப்பக்கம் திறக்க வேண்டும், திறந்தால் நிற்கும் தாங்கி வேண்டும். காற்றில் கதவு அடித்து கையை நசுக்கிய கதைகள் போதும். வீதிக்காக வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமோ பிரதேச சபையிடமோ, தோட்டக் காணி என்றால் நிர்வாகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டே குழி வெட்டுங்கள்.

மோதலைத் தாங்கும் வலிமைக்கு ஐகே என்று ஓர் எண் உண்டு. ஐகே 10 என்றால் 5 கிலோ எடை 40 சென்டிமீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் வரும் அடியைத் தாங்கும். வீதியோரத்துக்கும் பாடசாலை மைதானத்துக்கும் அதைப் பாருங்கள்.

குளவி, குரங்கு, எறும்பு?

குளவியை முதலில் சொல்கிறேன், கொழுந்து எடுப்பவர்களை அது என்ன செய்கிறது என்பது நமக்குத் தெரிந்ததால். சூடான, காற்றுப் படாத, இருட்டான பெட்டி கூடு கட்ட ஏற்ற இடம். திறக்கும் முன் ஒரு ஐந்து நிமிடம் தள்ளி நின்று, துளைகளில் பூச்சி போய் வருகிறதா என்று பாருங்கள். போய் வந்தால் அன்று அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். புகை போடுவது, மருந்து அடிப்பது எல்லாம் தெரிந்தவர் வேலை, கீழே மலையில் ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் நிச்சயமாக வேண்டாம். எல்லாக் காற்றுத் துளைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, கண் ஒரு மில்லிமீற்றர் அளவில்.

குரங்கு வயரைப் பிடித்துத் தொங்கும், வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டால் முடிந்தது. எறும்புக்கும் பல்லிக்கும் கிளாண்ட் இறுக்கம்தான் பதில்.

பாடசாலைக் கணினி அறைக்கு எத்தனை யூ ரெக் வாங்குவது?

ஒரு யூ என்றால் 44.45 மில்லிமீற்றர் உயரம். ஒரு சுவிட்ச், அறையின் வயர்கள் வந்து முடியும் பெட்ச் பேனல் ஒன்று, ரவுட்டர் வைக்க ஒரு தட்டு, மின் சொக்கட் வரிசை, நடுவே காற்றுக்கு இடம் என்றால் 6யூ நிரம்பிவிடும். 9யூ வாங்குங்கள், அடுத்த வருடம் கெமரா வரும். ஆழத்தைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள், 450 மில்லிமீற்றர் ரெக்கில் யூபிஎஸ் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

பழைய கருங்கல் சுவர்களில் ஈரம் ஏறும். ரெக்கைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் மரக்கட்டை கொடுத்து மாட்டுங்கள். சன்னலுக்கு நேரே வேண்டாம், திறந்த சன்னல் வழியாக மூடுபனி அறைக்குள் நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

கரண்டே இல்லாத ஃபைபர் ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கும் இதெல்லாம் வேண்டுமா?

ஹீட்டரும் விசிறியும் வேண்டாம். கண்ணாடி இழைக்கு ஈரம் உடனே கெடுதல் செய்யாது. கனெக்டர் முனையில் அழுக்கும் தண்ணீரும் சேராமல் இருந்தால் போதும். ஐபி 65 பெட்டி, கீழிருந்து நுழைவு, பாவிக்காத முனைகளுக்கு மூடி. விலை குறைந்த பெட்டியில் திருப்தியாக இருக்கலாம் என்றால் அது இங்கேதான்.

கையில் பணம் குறைவு. எதில் குறைக்கலாம், எதில் கூடாது?

பூட்டின் அழகு, கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, பெயர்பெற்ற பிராண்ட், இவற்றில் குறையுங்கள். கிளாண்ட், பிரீதர், எர்த், மேல் கூரை, இவற்றில் குறைக்காதீர்கள். இந்த நான்கும் பெட்டி விலையோடு பார்த்தால் சிறிய தொகை. நடுத்தரப் பெட்டி ஒன்றுக்கு இவற்றைச் சரியாகப் போட்டால், விலைகூடிய பெட்டியை ஏனோதானோவென்று மாட்டியதை விட நிச்சயம் நன்றாக உழைக்கும்.

பழைய பெட்டி ஒன்று தொங்குகிறது. மாற்றுவதா, வைத்திருப்பதா?

ஒரு கடதாசித் துண்டை வாசலில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எட்டு பத்து இடத்தில் இப்படிச் செய்யுங்கள். இறுக்கமாகப் பிடித்தால் ரப்பர் நல்லது. வழுக்கி வந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம், பெட்டியைத் தூக்கி எறியத் தேவையில்லை. இருட்டிய பிறகு உள்ளே ஒரு டோர்ச்சை எரியவிட்டு மூடுங்கள், வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. அடித்தகட்டில் துரு ஊடுருவி விரலால் அழுத்தினால் உள்வாங்கினால், அல்லது பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். மற்றபடி மேல் துளைகளை அடைத்து, வயரைக் கீழுக்கு மாற்றி, பிரீதரும் வடிகாலும் போடுங்கள். இதை மார்ச் முடிவதற்குள் ஒரு முறையும் செப்டெம்பரில் ஒரு முறையும் பார்த்துவிட்டால், இடியும் மழையும் வரும்போது பெட்டி தயாராக இருக்கும்.